தணல்வீரனின் புது முத்திரையும் ஜெபராஜின் கையெழுத்தும்

1

நேற்று வியாழக்கிழமை. லெஸ்டரில் நான் போகிற காமிக்ஸ் கடைக்கு அமெரிக்காவிலிருந்து புதுப் புத்தகங்கள் வந்து இறங்குகிற நாள். வழக்கமாக வேலை முடிந்து போனால் ஆறேழு பேர் இருப்போம். நேற்று கதவைத் தாண்டி நடைபாதை வரைக்கும் வரிசை. தூறல் வேறு.  இழவு வீட்டு வாசலில் மாலையோடு நிற்கிறவர்கள் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு நின்றார்கள்.

இழவு தணல்வீரனுக்கு. ஆங்கிலத்தில் அவனுக்கு வேறு பெயர். சின்ன வயதில் தமிழில் வாசித்த எனக்கு அவன் என்றைக்கும் தணல்வீரன்தான். செத்துப்போனான் என்று சொல்ல முடியாது. அவனை வெளியிடுகிற கம்பெனி, அவனையும் அவன் உலகத்தில் இருக்கிற மற்ற வீரர்கள், வில்லன்கள் எல்லோரையும் மறுபடி ஒன்றாம் நம்பரிலிருந்து ஆரம்பித்துவிட்டது. இத்தனை வருஷம் வந்த கதைகளில் நடந்தது எதுவும் இனி நடக்கவில்லை. கட்டின பெண்டாட்டியை அவன் பார்த்ததே இல்லை. செத்த சிநேகிதன் சாகவில்லை. நெஞ்சில் இருந்த ஆரஞ்சு முத்திரை வெள்ளையாகிவிட்டது. அதில் ஏழு சுடர் இருந்த இடத்தில் மூன்று.

காமிக்ஸ் வாசிக்காதவர்களுக்கு இப்படிச் சொல்லலாம். நாளைக்குக் காலையில் கோயில் கமிட்டி கூடி, "நம் குலசாமிக்கு இதுவரை சொன்ன வரலாறு கிடையாது, கல்யாணமும் ஆகவில்லை, கையில் இருப்பது அரிவாள் அல்ல, வில்" என்று நோட்டீஸ் அடித்து ஒட்டினால் நம் ஊரில் என்ன நடக்கும்? இங்கே அவ்வளவு நடக்கவில்லை. இங்கிலாந்துக்காரர்கள் வரிசையில் நின்று, காசு கொடுத்து, இரண்டிரண்டு பிரதியாக வாங்கி, வெளியே வந்து திட்டினார்கள்.

"பிடிக்கலைன்னா ஏன் வாங்கறீங்க?" என்று ஒருவரிடம் கேட்டேன்.

"வாசிக்காமல் எப்படித் திட்டுவது?" என்றார். நியாயம்தான்.

கிரஹாம் மட்டும் திட்டவில்லை. அவர் பஸ் டிரைவர், ஐம்பது வயதிருக்கும், அந்தக் கடையில் எல்லோருக்கும் பெரியவர் மாதிரி. அட்டையை ஒரு நிமிஷம் பார்த்தார். புத்தகத்தைக் குப்புறக் கவிழ்த்து மேசையில் வைத்தார். "என் அப்பா வாங்கித் தந்த முதல் புத்தகம் இவனுடையது. அது நடக்கவில்லை என்கிறார்கள்" என்று சொல்லிவிட்டுக் கண்ணாடியைத் துடைத்தார்.

பாவமாக இருந்தது. அதைவிடப் பொறாமையாக இருந்தது. அப்பா வாங்கித் தந்த புத்தகம், அதற்குப் பிளாஸ்டிக் உறை, உறைக்கு ஒரு பெட்டி, பெட்டிக்கு ஒரு அறை, இத்தனையும் இருந்தால்தான் அப்படி அழ முடியும்.

அந்த வரிசையில் இருந்தவர்களுக்குக் கம்பெனி அறிவித்த பிறகுதான் தெரியும். வெள்ளை முத்திரை, மூன்று சுடர், எல்லாம் எனக்கு அதற்கும் முன்னால், ஏழு மாதத்துக்கு முன்பே தெரியும். சொன்னவன் ஜெபராஜ். திருப்பூரில் பனியனில் படம் அச்சடிக்கிற ஒரு பிரிண்டிங் யூனிட்டில் மாஸ்டராக இருந்தவன். இருந்தவன் என்று எழுத வேண்டியிருப்பதற்குக் காரணம் நான்.

2

நான் பழனிச்சாமி, ஊர் அதே திருப்பூர். இங்கே "பால்" என்று கூப்பிடுகிறார்கள், திருத்தித் திருத்தி அலுத்துவிட்டேன். அப்பா துணிக்குச் சாயம் போடுகிற டையிங்கில் மூட்டை தூக்கினவர். அம்மா எக்ஸ்போர்ட் கம்பெனியில் செக்கிங். தைத்து வந்த பனியனில் ஓட்டை, கறை, விட்ட தையல் இருக்கிறதா என்று நாள் முழுக்க நின்று பார்க்கிற வேலை. எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். கல்லூரி முடித்து, பாங்கில் படிப்புக் கடன் வாங்கி, மேல்படிப்புக்கென்று இங்கே வந்து, இப்போது துணி இறக்குமதி செய்கிற ஒரு கம்பெனியின் கிடங்கில் குவாலிட்டி பார்க்கிறேன். சுருக்கமாகச் சொன்னால் அம்மா அங்கே பார்க்கிறதை நான் இங்கே டை கட்டிக்கொண்டு பார்க்கிறேன்.

ஜெபராஜ் ஆறாம் வகுப்பில் வந்து சேர்ந்தான். தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து பனியன் வேலைக்கு வந்த குடும்பம். எங்கள் லைன் வீட்டில் கடைசி வீடு. முதல் நாளே "ஏல, உன் பேனாவத் தால" என்றான். எங்கள் ஊரில் ஐந்து வயதுப் பிள்ளையைக்கூட வாங்க போங்க என்பார்கள். எனக்கு அழுகை வந்துவிட்டது. அடுத்த நாள் அவன் காமிக்ஸ் கொண்டுவந்தான். அழுகை நின்றது.

புதுப் புத்தகம் வாங்க எங்களுக்கு வழி கிடையாது. பழைய பேப்பர் கடையில் எடைக்கு வாங்குவோம். அப்படிக் கிடைக்கிற புத்தகத்தில் கடைசிப் பக்கங்கள் இருக்காது. யாரோ எதையோ மடிக்கக் கிழித்திருப்பார்கள். தணல்வீரன் எரிகிற சுரங்கத்துக்குள் குதித்ததும் அட்டை வந்துவிடும்.

மீதிக் கதையை ஜெபராஜ் வரைவான். கணக்கு நோட்டுத் தாளைக் கட்டம் கட்டமாகப் பிரித்து, பேனாவால் வரைந்து, நூல் போட்டுப் புத்தகத்தோடு தைத்துவிடுவான். வசனம் மட்டும் நான். அவனுக்கு எழுத்துப்பிழை வரும். அவன் படத்துக்கு என் வசனம் ஒருநாளும் ஈடாகவில்லை. அது எனக்கு அப்போதே தெரியும். என் அம்மா அந்த நோட்டுத் தாள்களைப் பார்த்துவிட்டு, "இந்தப் பையன் கையில என்னமோ இருக்குது சாமி" என்பாள். என் பிராக்ரஸ் கார்டில் முதல் ரேங்க் இருக்கும். அதற்கு, "செரி, வெச்சிரு, கையெழுத்துப் போடோணுமா?" என்பாள்.

பத்தாம் வகுப்போடு அவன் பிரிண்டிங்குக்குப் போனான். நான் படித்தேன்.

3

இந்த நாட்டில் தங்குவதற்கான அனுமதியை நீட்டிக்க ஒரு பாரம் உண்டு. அதில் ஒரு கேள்வி: பத்து வருஷமாக எங்கெங்கே இருந்தாய், என்ன செய்தாய், இடைவெளி விடாமல் எழுது. ஒரு மாதம் விட்டுப்போனாலும் காரணம் கேட்பார்கள்.

அதே பாரத்தில் அப்பாவின் பிறந்த தேதி. அப்பாவுக்கே தெரியாது. "நான் பொறந்தப்ப பெரிய மழையாமா" என்பார். முதல் பாரத்தில் ஜூன் ஒன்று என்று போட்டேன், பள்ளிக்கூடத்தில் வாத்தியார் எல்லோருக்கும் போடுவாரே, அந்தத் தேதி. இரண்டு வருஷம் கழித்து அடுத்த பாரம் வந்தபோது முதலில் என்ன போட்டேன் என்று மறந்துபோய் மே பதினைந்து என்று எழுதிவிட்டேன். கூப்பிட்டு அனுப்பினார்கள். கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் இருந்த அம்மாள் இரண்டு தாளையும் அருகருகே வைத்து, மரியாதையாகத்தான் கேட்டாள்: "இதில் எவர் உங்கள் தந்தை?"

இரண்டு பேரும்தான் என்று சொல்ல முடியுமா? அபிடவிட் வாங்கி அனுப்ப அப்பா நாலு தடவை தாலுகா ஆபீசுக்கு நடந்தார்.

அதனால் தணல்வீரன்மேல் எனக்கு இருப்பது அனுதாபமில்லை. பழசு எதுவும் இல்லை, ஒன்றாம் நம்பரிலிருந்து ஆரம்பிக்கலாம், ஒருவரும் காரணம் கேட்கமாட்டார்கள் என்றால் எவனுக்குக் கசக்கும்? முகமூடி போட்டவனுக்குக் கிடைக்கிற சலுகை எனக்குக் கிடைக்காது.

4

கடைக்குப் போக ஆரம்பித்த புதிதில் ஒரு வியாழக்கிழமை, தணல்வீரனின் பெரிய எதிரி ஒருவனைப் பற்றிப் பேச்சு வந்தது. சுரங்கத் தீயில் அவனைச் சாகவிட்டுத் தணல்வீரன் திரும்பிப் போனது சரியா தப்பா என்று சண்டை. நான் புகுந்து, "அவன் சாகவில்லையே. தணல்வீரன் திரும்பி வந்து தூக்கிக்கொண்டு போகிறானே, ஆஸ்பத்திரியில் அவன் அம்மாவிடம் ஒப்படைக்கிறானே" என்றேன்.

கடையே திரும்பிப் பார்த்தது. கிரஹாம், "எந்த இதழ்?" என்றார். அட்டைப் படத்தைச் சொன்னேன். அவர் கடையின் பழைய இதழ்ப் பெட்டியிலிருந்து எடுத்து உறையைப் பிரித்துக் காட்டினார். எதிரி எரிந்து போகிறான். ஆஸ்பத்திரி இல்லை, அம்மா இல்லை. நான் சத்தியம் செய்யாத குறையாகச் சொன்னது ஜெபராஜ் வரைந்த பக்கம். வசனம் எழுதினவன் நான் என்பதையும் மறந்து, பதினைந்து வருஷமாக அதுதான் உண்மைக் கதை என்று நினைத்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

விஷயத்தைச் சொன்னதும் சிரித்தார்கள். அன்பாகத்தான். அதற்குப் பிறகு நான் வாயைத் திறந்தாலே கிரஹாம், "இது எங்கள் பதிப்பா, உங்கள் ஊர்ப் பதிப்பா?" என்பார். எனக்குச் சிரிப்போடு சேர்ந்து எரியும். இதில் இன்னொன்றும் உண்டு. அசல் பக்கத்தைவிட ஜெபராஜ் வரைந்தது நன்றாக இருந்தது. அது அதைவிட எரிந்தது.

ஞாயிற்றுக்கிழமைகளில் போன் கார்டு போட்டு ஜெபராஜைக் கூப்பிடுவேன். அவன் அதற்குள் பெரிய யூனிட்டில் பிரிண்டிங் மாஸ்டர். ஏழு மாதத்துக்கு முன் ஒரு ஞாயிறு மத்தியானம், எடுத்ததும், "ஏல, உன் ஆளு வெளுத்துட்டாம்ல" என்றான்.

"எந்த ஆளுடா?"

"தணல்வீரந்தான். ஸ்ட்ரைக்-ஆஃப் போட வந்திருக்கு. நெஞ்சுல வெள்ளையா முத்திரை. ஏழு நாக்கு மூணாயிட்டு. கீழ என்னமோ ஒண்ணுன்னு நம்பர் போட்டு இங்கிலீசுல எழுதியிருக்கான்."

ஸ்ட்ரைக்-ஆஃப் என்பது ஆர்டர் எடுக்கும் முன் டிசைனைச் சின்னத் துண்டுத் துணியில் அச்சடித்து, நிறம் சரியா என்று வாங்குகிறவனுக்கு அனுப்புகிற மாதிரி. அமெரிக்காவில் புத்தகம் வருவதற்கு முன்பே கடைகளில் பனியன் தொங்க வேண்டும். பனியன் தொங்க வேண்டுமென்றால் அதற்கும் முன்னால் திருப்பூரில் அச்சாக வேண்டும். யோசித்தால் எளிதான கணக்கு. நான் யோசித்ததே இல்லை.

"எவன்ட்டயும் சொல்லக்கூடாதுன்னு கையெழுத்து வாங்கியிருக்கானுவ. உங்கிட்ட சொல்லாம எவங்கிட்ட சொல்லுதது?" என்றான்.

நான் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். கடல் தாண்டி வந்து, குளிரில் வியாழக்கிழமைதோறும் கடை வாசலில் நிற்கிறவன் நான். பத்தாம் வகுப்போடு நின்றவன், ஆங்கிலம் எழுத்துக்கூட்டி வாசிக்கிறவன், மை வாளிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு எனக்கு முன்னால், கிரஹாமுக்கு முன்னால், இந்த நாட்டில் இருக்கிற அத்தனை ரசிகர்களுக்கும் முன்னால் பார்த்துவிட்டான். போனை வைத்த பிறகு டீ போட்டேன். குடிக்க முடியவில்லை.

அடுத்த வியாழன் கடையில் சொன்னேன். வெள்ளை, மூன்று சுடர், ஒன்றாம் நம்பர். எங்கள் ஊரில் ஸ்ட்ரைக்-ஆஃப் வந்திருக்கிறது என்றேன். "யார் ஸ்ட்ரைக்?" என்றார் ஒருவர். விளக்கினேன். கிரஹாம் புன்னகைத்தார். "அந்த ஏழு சுடர், சுரங்கத்தில் அவன் அப்பாவும் கூட ஆறு பேரும் செத்ததற்கு. அதில் யாரும் கை வைக்கமாட்டார்கள், பால். இது உங்கள் ஊர்ப் பதிப்பு."

அந்த ஞாயிறு ஜெபராஜிடம் போட்டோ கேட்டேன்.

"வேண்டாம்ல. பொழப்பு போயிரும்."

"ஒரே ஒரு போட்டோடா. கடையில காமிச்சிட்டு அழிச்சிர்றேன்."

"வேண்டாம்னு சொல்லுதேன்லா."

அப்போது நான் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "உனக்கு இங்கிலீஷே படிக்க வராது. என்ன எழுதியிருக்குன்னு உனக்கு எப்படித் தெரியும்? நீ பழையபடி எதையோ வரைஞ்சு கதை விடறே."

 "சரில" என்றான்.

இரண்டு நாளில் பிரவுசிங் சென்டரிலிருந்து மெயில் வந்தது. கருப்புத் துணியில் வெள்ளை முத்திரை, பளிச்சென்று. துணியின் ஓரத்தில் பால்பாயின்ட் பேனாவில், தமிழில்: "வெள்ளை 3 கோட்டு. ஒவ்வொரு கோட்டும் காய விடணும். ஜெ." கோட்டு என்றால் ஒரு பூச்சு மை. இப்படிக் குறிப்பது பிரிண்டிங் மாஸ்டர்கள் எல்லோரும் செய்கிற வழக்கம்தான். ஆர்டர் வரும்போது அதே நிறத்தை மறுபடி எடுப்பதற்காகத் துணியின் ஓரத்திலேயே செய்முறையை எழுதி வைத்துக்கொள்வார்கள். அனுப்பும்போது அந்த ஓரத்தை வெட்டிவிடுவார்கள். மெயிலில் ஒரே வரி, ஆங்கில எழுத்தில் தமிழ்: "ஓரத்த வெட்டிட்டு காட்டு."

நான் வெட்டவில்லை.

5

ஏன் வெட்டவில்லை என்று இத்தனை மாதமாக எனக்கு நானே சொல்லிக்கொண்ட பதில்: இங்கே எவனுக்குத் தமிழ் தெரியும்? இது பொய். அந்தத் தமிழ் எழுத்து இருந்தால்தான் படம் எங்கள் ஊரிலிருந்து வந்தது என்று நம்புவார்கள். அதற்காகத்தான் விட்டேன். அவன் கையெழுத்து எனக்குச் சாட்சியாக வேண்டியிருந்தது.

கடையில் காட்டியது மட்டும் போதவில்லை. ரசிகர்கள் கூடிப் பேசுகிற இணையதளத்தில் "பால்" என்ற பெயரில் போட்டேன். இரண்டு நாளில் எங்கெங்கோ போயிற்று. பொய் என்றார்கள், உண்மை என்றார்கள், கம்பெனியைக் கொளுத்த வேண்டும் என்றார்கள். ஒருவர் அந்தத் தமிழ் எழுத்தைப் பெரிதாக்கி, இது வேற்றுக்கிரக மொழி, புதுக் கதைக்கான துப்பு என்று நாலு பக்கம் எழுதினார். மூன்று கோட்டு வெள்ளை அடித்துக் காயவிடச் சொன்ன குறிப்பு அது.

மூன்றாவது வாரம் கம்பெனியே அறிவித்துவிட்டது. அந்த வியாழன் நான் கடைக்குள் நுழைந்ததும் கிரஹாம் எழுந்து தன் நாற்காலியை எனக்குக் கொடுத்தார். "சரியான பதிப்பு உங்களுடையதுதான்" என்றார். இந்த ஊருக்கு வந்து மூன்று வருஷத்தில் எனக்காக ஒருவர் எழுந்தது அதுதான் முதல் தடவை. உட்கார்ந்தேன். நன்றாக இருந்தது. மறைக்க என்ன இருக்கிறது, ரொம்ப நன்றாக இருந்தது.

ஜெபராஜ் பெயரை நான் சொல்லவில்லை. "எங்கள் ஊரில் எனக்கு ஆள் இருக்கிறது" என்றேன். அதிலும் "எனக்கு" என்பதைத்தான் அழுத்தினேன்.

6

அடுத்த மாதம் அம்மா போனில் பேச்சுவாக்கில் சொன்னாள். "ஜெபராசு காங்கேயம் போயிட்டானாமா கண்ணு. அரிசி ஆலைக்குச் சாக்குல மாடு படம் அச்சடிக்கறானாமா."

"ஏனுங்மா? மாஸ்டரா இருந்தானே."

"என்னத்தச் சொல்றது. ஏதோ டிசைன வெளிநாட்டுக்காரனுக்குக் காசுக்கு வித்துப்போட்டான்னு பேசிக்கறாங்க. முதலாளி கூப்பிட்டு, ஏனுங் மாஸ்டர், இது உங்க எழுத்துதானுங்களேன்னு ஒரு படத்தக் காட்டினாராமா. இவனும் ஆமாங்கன்னு மட்டும் சொன்னானாமா. யாருக்குக் குடுத்தீங்கன்னதுக்கு வாயே தொறக்கலையாமா. இனி எந்த எக்ஸ்போர்ட்காரனும் சேத்திக்கமாட்டான். நல்ல பையன். அவனுக்கு ஏன் புத்தி இப்படிப் போச்சோ."

எனக்குத்தான் குடுத்தான் என்று சொல்ல ஒரு நொடி போதும். "கார்டு முடியப்போகுதுங்மா" என்றேன். முடியப்போகவில்லை. இன்னும் நாற்பது நிமிஷம் இருந்தது.

அதன்பிறகு ஞாயிறுதோறும் ஜெபராஜோடு பேசினேன். ஒருநாளும் அவன் இதை எடுக்கவில்லை. "இடம் மாத்திட்டேன்ல, இங்க காத்து நல்லா வருது" என்றான். அரிசிச் சாக்குக் காளையின் திமிலைத் தானே திருத்தி வரைந்ததாகச் சொன்னான். ஆலைக்காரர் பார்த்துவிட்டு, "எங்க மாடாட்டவே இருக்குதுங்" என்று அசந்துபோனாராம். பக்கத்து ஆலைக்காரரும் அதே மாதிரி கேட்கிறாராம். வேலை போனவன் சந்தோஷமாகப் பேசுகிறான். வேலை போகவைத்தவன் இந்தப் பக்கம் உட்கார்ந்துகொண்டு, சாக்கில்கூட இவன் பேர் வாங்குகிறானே என்று நினைக்கிறேன். என் மனசு இப்படிப்பட்டது என்று எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள இவ்வளவு தூரம் வர வேண்டியிருந்தது.

7

நேற்று வாங்கி வந்த ஒன்றாம் நம்பரை அறைக்கு வந்து வாசித்தேன். ரசிகர்கள் கல்யாணம் அழிந்ததற்கு அழுகிறார்கள், நம்பர் மாறியதற்கு அழுகிறார்கள், முத்திரைக்கு அழுகிறார்கள். ஒருவரும் கவனிக்காத ஒன்று பன்னிரண்டாம் பக்கத்தில் இருந்தது. தணல்வீரனின் அப்பா இப்போது சுரங்கத் தொழிலாளி இல்லை. சுரங்க முதலாளி. தணல்வீரன் பெரிய பங்களாவில் வளர்ந்தவன்.

இதைச் சொல்ல எனக்கு இந்த உலகத்தில் ஒரே ஆள்தான். இன்று காலை வேலைக்குக் கிளம்பும் முன் கூப்பிட்டேன். அங்கே மத்தியானச் சாப்பாட்டு நேரம்.

"முதலாளி மவனா?" என்றான் ஜெபராஜ். மென்று விழுங்குகிற சத்தம் கேட்டது. "முதலாளி மவனுக்குத் தீக்குள்ள குதிக்க என்னல அவசியம்? ஆள அனுப்புவான்."

சிரித்தேன். சிரித்துக்கொண்டிருக்கும்போதே வாயிலிருந்து வந்துவிட்டது. "ஜெபா, ஓரத்த நான் வெட்டலடா."

"தெரியும்ல."

"எப்பத் தெரியும்?"

"முதலாளி படத்தக் காட்டுதாரு, ஓரத்துல எங்கையெழுத்து பல்லக் காட்டிக்கிட்டு நிக்கி. பொறவு தெரியாதா?"

"ஏண்டா என்னைக் கேக்கல?"

"கேட்டா நீ ஏதாவது பொய் சொல்லுவ. அப்புறம் அத வேற நான் நம்பணும்."

"அவர்கிட்ட என் பேரச் சொல்லியிருக்கலாம்ல? காசுக்கு வித்தேன்னு ஊரே பேசுது."

 தட்டில் தண்ணீர் ஊற்றிக் கை கழுவுகிற சத்தம். பிறகு சொன்னான்: "உங்க அம்மா எந்தக் கம்பெனில செக்கிங்ல நிக்கிறாங்க?"

எனக்குத் தெரியாதா? பிரிண்டிங் யூனிட்டும் எக்ஸ்போர்ட் கம்பெனியும் ஒரே முதலாளியுடையவை. அம்மா அங்கே பதினெட்டு வருஷம். என் பெயர் வெளியே வந்தால் அடுத்த கேள்வி அம்மாவுக்குத்தான். தெரிந்த விஷயம். ஏழு மாதத்தில் ஒருதடவைகூட எனக்குத் தோன்றவில்லை. அவனுக்கு, முதலாளி முன்னால் நின்ற அந்த ஒரு நிமிஷத்தில் தோன்றியிருக்கிறது.

"எழுதப்போறேன். நம்ம ஊர் மாசப் பத்திரிகையில கட்டுரை கேட்டிருக்காங்க. நடந்தத அப்படியே எழுதறேன்" என்றேன்.

"அம்மாட்டக் கேட்டுட்டு எழுது" என்றான். "எனக்காவ எழுதாத. உனக்குத் தூக்கம் வரணும்னா எழுது."

மத்தியான இடைவேளையில், கிடங்கின் பின்கதவருகில் நின்று, அம்மாவைக் கூப்பிட்டு முழுதும் சொன்னேன். போட்டோ கேட்டது, நான் சொன்ன அந்த வார்த்தை, ஓரம், நாற்காலி, கார்டு முடியப்போகிறது என்ற பொய், எல்லாம்.  முடிந்ததும் அம்மா முதலில் கேட்டது இது: "அந்தப் பையன் சோத்துக்கு என்ன பண்றானாமா? சமைக்கறானா, கடையிலயா?"

என்னைத் திட்டுவாள் என்று நினைத்திருந்தேன். திட்டியிருந்தால்கூட அது எனக்கென்று இருந்திருக்கும்.

"உங்களுக்கு வேலை போயிருமேங்மா" என்றேன்.

"போனாப் போகுது. நிக்கற வேலதானே கண்ணு. இங்க நின்னதுக்கு இன்னொரு கம்பெனில நின்னுட்டுப் போறேன். நீ எழுதிப்போடு." வைக்கும் முன்பு மறுபடி சொன்னாள்: "பேரப் போட்டு எழுது. மொட்டையா எழுதாதே."

ஆகவே பேரைப் போட்டு எழுதுகிறேன். ஜெபராஜ் எந்த டிசைனையும் எவனுக்கும் விற்கவில்லை. வேண்டாம் என்று இரண்டு தடவை சொன்னவனை, படிப்பைச் சொல்லிக் குத்தி, போட்டோ வாங்கியவன் பழனிச்சாமி ஆகிய நான். வெட்டச் சொன்ன ஓரத்தை வெட்டாமல் ஊருக்குக் காட்டியதும் நான். இதில் ஒரு பைசா கைமாறவில்லை. எனக்குக் கிடைத்தது உட்கார ஒரு நாற்காலி.

இதை வாசிக்கிற யூனிட்காரர்களுக்கு ஒரு வார்த்தைங்க. கருப்புத் துணியில் மூன்றே கோட்டில் அப்படி ஒரு வெள்ளை எடுக்கிற மாஸ்டர் இப்போது காங்கேயத்தில் சாக்குக்கு அச்சடிக்கிறான். அரிசி ஆலைகளில் விசாரித்தால் கைகாட்டுவார்கள். அவனைத் திரும்பச் சேர்த்துக்கொண்டால், காமிக்ஸ் உலகத்தில் நடக்கப்போவதையெல்லாம் எனக்கு முன்னால் அவன்தான் பார்ப்பான். என்னிடம் சொல்லவும் மாட்டான், இனிமேல் நானும் கேட்கமாட்டேன். நான் வியாழக்கிழமை வரிசையில் மற்றவர்களோடு நின்றுதான் தெரிந்துகொள்வேன். எனக்கு வயிறு எரியத்தான் செய்யும். எரியட்டும், நீங்கள் சேர்த்துக்கொள்ளுங்கள்.